பெரோவின் ஓநாயும் தொரேயின் ஓவியமும்

சிறுவர் இலக்கியம் என்றதும் நம்மிற் பலர் அதனை இலக்கியத்தின் புழக்கடையில் நிறுத்திவிடுகின்றனர். திறனாய்வு என்பது பெரியோர் நூல்களுக்கே உரியது; சிறுவர் நூலுக்குப் பெரிய எழுத்தும் வண்ணப் படமும் போதும் என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் பிழையானது என்று காட்டப் பிரெஞ்சு நாட்டுச் சார்ல் பெரோவின் சிறுநூல் ஒன்றே சாலும். 1697-ஆம் ஆண்டு பாரிசில் குளோத் பார்பன் என்னும் பதிப்பாளர் வெளியிட்ட அந்நூலில் உள்ள கதைகள் எட்டே. ஆயினும் உறங்கும் அழகி, சிவப்பு முக்காட்டுச் சிறுமி, நீலத்தாடி, பூட்ஸ் அணிந்த பூனை, சிண்டரெல்லா, கட்டைவிரற் சிறுவன் ஆகிய அறுவரும் அந்த எட்டுக்குள் அடங்குவர். பிரெஞ்சு மொழி நான் அறியேன். ஆங்கில வழியே கற்றவன். ஆதலின் நடையழகு பற்றி ஒன்றும் கூறத் துணியேன். கதை சொல்லப்படும் முறையும், பின்னர் அதற்கு வரையப்பட்ட படங்களுமே என் ஆய்வுக்கு உரியன.

பெரோ கதை சொல்லவே பிறந்தவர் அல்லர். 1628-இல் பிறந்து, சட்டம் பயின்று, பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேரின் கீழ் அரசுக் கட்டடத் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவர். கோப்புகளின் நடுவே வாழ்ந்தவர் என்பதனால் எனக்கு அவரிடம் தனிப் பற்று உண்டு என்பதை மறைப்பானேன்? துய்லெரி அரண்மனைத் தோட்டத்தைப் பொதுமக்களுக்கு மூடிவிட எண்ணிய கோல்பேரைத் தாமே பேசி மனம் மாற்றியதாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் அவர் எழுதியுள்ளார். பிரெஞ்சுப் புலவர் கழகத்தில் 1671-இல் உறுப்பினரானார். பண்டைய கிரேக்க உரோமப் புலவரினும் தம் காலத்தவர் தாழ்ந்தவரல்லர் என 1687-இல் அக்கழகத்திலேயே கவிதை படித்துப் புவாலோ முதலியோரின் சினத்துக்கு ஆளானார். மனைவியை 1678-இலேயே இழந்திருந்த அவர், கதைநூல் வெளிவந்தபோது 69 வயதினர். நூலின் காணிக்கை உரையில் மகனின் கையொப்பமே காணப்படுகிறது. எழுதியவர் தந்தையா மகனா என்ற வழக்கு இன்றும் முற்றிலும் ஓய்ந்தபாடில்லை. தந்தையே என்பது பெரும்பான்மையோர் கொள்கை.

அந்நூலின் முகப்புப் படத்தை நோக்குவோம். அடுப்புத் தீயின் அருகே ஒரு முதியவள் நூல் நூற்றபடி கதை சொல்கிறாள். அவளைச் சுற்றிச் செல்வ வீட்டுப் பிள்ளைகள் மூவர். பின்னே தொங்கும் பலகையில் 'தாய் வாத்தின் கதைகள்' என்று பொறித்திருக்கிறது. ஆனால் நூலைப் புரட்டினால் கேட்கும் குரல் அவளுடையது மட்டுமன்று. ஒவ்வொரு கதையின் முடிவிலும் செய்யுளில் நீதி ஒன்றோ இரண்டோ வரும். அச்செய்யுள்களைப் பாடுபவர் அரசவை கண்ட ஒரு கனவான். சிண்டரெல்லாவின் இரண்டாம் நீதியைப் பாருங்கள். அறிவும் துணிவும் நற்குடிப் பிறப்பும் இருந்தென்ன, கைதூக்கிவிட ஒரு ஞானத்தாயோ ஞானத்தந்தையோ இல்லாவிடில் அவை வாழ்வில் முன்னேற உதவா என்பது அதன் கருத்து. இது குழந்தைக்குச் சொன்ன சொல்லா? பதவி உயர்வுப் பட்டியலை எதிர்நோக்கி ஆண்டுகள் கழித்தவன் எவனும் இச்செய்யுளைப் படித்துப் பெருமூச்சு விடாதிருக்க இயலாது. கிழவியின் குரல் குழந்தைக்கு. கனவானின் குரல் குழந்தையின் தலைக்கு மேலே நிற்கும் பெரியவர்க்கு.

இவ்விரு குரல்களும் மோதும் இடம் சிவப்பு முக்காட்டுச் சிறுமியின் கதை. பெரோவின் கதையில் வேட்டைக்காரன் இல்லை. ஓநாய் பாட்டியைத் தின்கிறது. பின்னர்ச் சிறுமியையும் தின்கிறது. கதை அவ்வளவே. வயிற்றைக் கிழித்து இருவரையும் உயிரோடு மீட்கும் வேட்டைக்காரன் 1812-இல் செருமானிய கிரிம் உடன்பிறந்தாரின் தொகுப்பில் வந்தவன். பெரோ இளம்பிள்ளைகளிடம் இரக்கமின்றி நடந்துகொண்டார் எனக் குறை கூறுவார் பலர். இனிய மொழி பேசி இளம்பெண்களைப் பின்தொடரும் ஓநாய்களே கொடியவை என்று கனவான் பாடும் நீதியும் அக்குறையைப் போக்குவதாக இல்லை. சாவின் முன் சாதுரியம் பேசுவதாகவே எனக்குப் படுகிறது.

எனினும் இக்கதைக்கு ஒரு சான்று உண்டு. அச்சுக்கு ஈராண்டு முன்னதான 1695-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படி ஒன்று இன்று நியூயார்க் மார்கன் நூலகத்தில் உள்ளது. அதில் ஐந்து கதைகளே உள்ளன. சிறுமி ஓநாயின் பற்களைக் கண்டு வியக்கும் இடத்துக்கு வரும்போது, ஓநாயின் மறுமொழியை உரத்த குரலில், தன்னையே ஓநாய் விழுங்க வருகிறதோ எனக் குழந்தை அஞ்சுமாறு சொல்ல வேண்டும் என்று ஓரக்குறிப்பு காணப்படுகிறது. நாடகத்தில் நடிகனுக்கு எழுதும் குறிப்புப் போன்றது இது. இதனைக் கண்டபின் கதையின் முடிவு எனக்கு வேறாகத் தோன்றலாயிற்று. கை, கால், காது, கண், பல் என்று கேள்விகள் அடுக்கடுக்காக ஏறுவதும், குரல் சிறிது சிறிதாகத் தடிப்பதும், இறுதியில் பாய்ந்து பிடிப்பதும் மடியில் இருத்தி ஆடும் ஆட்டமே அன்றோ? அங்கே ஓநாயின் வாய்க்குள் விழும் குழந்தை உண்மையில் விழுவது கதை சொல்பவரின் கைகளுக்குள். வேட்டைக்காரனுக்கு அங்கு வேலையே இல்லை.

என் மகள் ஐந்து வயதினளாக இருந்தபோது இதனைச் சோதித்துப் பார்த்தேன். பெரோ முடித்தவாறே முடித்து, குறிப்பில் உள்ளவாறே குரலெழுப்பினேன். அலறினாள், என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள், அடுத்த கணமே, "இன்னொரு தடவை சொல்லுங்கப்பா!" என்றாள். அன்றிரவு அந்தச் சிறுமி ஐந்து முறை தின்னப்பட்டாள். அண்டை வீட்டார் என்ன நினைத்தனரோ, அறியேன்.

ஆனால் அச்சு நூலில் அந்த ஓரக்குறிப்பு இல்லை. குரலையும் மடியையும் இழந்த கதை தாளில் மட்டும் எஞ்சியது. தனியே படிக்கும் குழந்தைக்கு மீட்பவர் யார்? கிரிம் உடன்பிறந்தாரின் வேட்டைக்காரன் அவ்வெற்றிடத்தில்தான் நுழைகிறான் என்பது என் துணிபு. ஆதலின் அவன்மீது எனக்குப் பகையில்லை. ஓநாய் சமையலறை வழியே தப்பியோடுவதாகவும், பாட்டி அலமாரியில் ஒளிந்திருப்பதாகவும் முடிக்கும் பதிப்புகளைத்தான் என்னால் பொறுக்க இயலவில்லை. அவற்றில் அச்சமும் இல்லை, மீட்சியும் இல்லை.

அவ்வெற்றிடத்தை வேறொரு வகையில் நிரப்பியவர் குஸ்தாவ் தொரே. ஸ்திராஸ்பூர்க் நகரில் 1832-இல் பிறந்த இவ்வோவியர், எட்செல் பதிப்பகம் 1862-ஆம் ஆண்டிட்டு வெளியிட்ட பெரோ கதைப் பெருநூலுக்குப் படங்கள் வரைந்தார். 1697-ஆம் ஆண்டு நூலில் இக்கதையின் தலைப்பில் இருந்த சிறு படம் ஓநாய் படுக்கையில் பாய்வதையே காட்டிற்று. தொரேயின் படங்களுள் ஒன்று அப்பாய்ச்சலைக் காட்டாமல் நிற்கிறது. பாட்டியின் தொப்பியணிந்த ஓநாயும் சிறுமியும் ஒரே படுக்கையில் இருக்கின்றனர். அவள் போர்வையை மார்போடு பற்றியபடி ஓநாயைப் பார்க்கிறாள். முழுவதும் அஞ்சிய பார்வையன்று. ஐயம் தோன்றி அது உறுதியாவதற்கு முந்திய பார்வை. கேள்விகள் தொடங்கும் கணத்தில் தூரிகை நின்றுவிடுகிறது. எஞ்சியதைக் காண்பவரே தம் மனத்துள் சொல்லிக்கொள்ள வேண்டும். ஓரக்குறிப்பு கேட்ட குரலை மௌனத்தால் எழுப்பிய படம் இது.

எல்லாக் கதையிலும் தொரே வென்றார் எனக் கூறமாட்டேன். நீலத்தாடியில் அவர் கெடுத்தே விட்டார். பெரோவின் நீலத்தாடி செல்வமும் பண்பும் உடையவன். தாடியின் நிறமே அவனுக்குற்ற குறை. எட்டு நாள் விருந்துக்குப் பின் அப்பெண்ணுக்கு அத்தாடி அவ்வளவு நீலமன்று எனத் தோன்றுவதாக எழுதுகிறாரே, மனித மனத்தை அறிந்தவர் கைவண்ணம் அது! தொரேயோ, திறவுகோலைக் கொடுக்கும்போதே அவனுக்குப் பிதுங்கிய கண்களைக் கொடுத்துவிட்டார். அக்கண்களைக் கண்டபின் பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறதென்று எந்தக் குழந்தைக்குத் தெரியாது? கட்டைவிரற் சிறுவனுக்கு வரைந்த காடு அதற்கு நேர்மாறு. வானளாவிய மரங்களின் அடியில் பிள்ளைகள் எறும்பென ஊர்கின்றனர். அங்கு அரக்கன் வரும் முன்னரே அச்சம் வந்துவிடுகிறது.

என் மகள் இப்பொழுது தானே படிக்கிறாள், மடிக்கு வருவதில்லை. தொரேயின் படங்கள் உள்ள ஆங்கிலப் பதிப்பொன்றை நூலகத்திலிருந்து கொணர்ந்திருந்தேன். படுக்கைப் படம் உள்ள பக்கத்தில் ஓநாயின் முகத்தை உள்ளங்கையால் மூடி, சிறுமியை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.