கோவூரின் பத்துச் சாதகங்கள்

மனோர் பார்க்கில் றொம்ஃபோர்ட் வீதியால் நடந்து போனால் தமிழில் அச்சிட்ட துண்டுப்பிரசுரம் ஒன்றாவது கைக்கு வரும். விசா, வியாபாரம், பிரிந்த கணவன், தீராத நோய் எல்லாவற்றுக்கும் பரிகாரம் உண்டாம். இதைப்பற்றி எங்கள் பகுத்தறிவாளர்கள் எழுதும்போது பெரும்பாலும் ஒரே தொனிதான்: போகிறவர்கள் மூடர்கள், போகாத நாங்கள் அறிவாளிகள். நானும் நெடுங்காலம் அப்படிப் பேசியவன். அது பிழை என்று இப்போது நினைக்கிறேன். சாத்திரிமார் சொல்வது சரி என்பதால் அல்ல.

என்னோடு தொழிற்சாலையில் இரவுவேலை செய்யும் அக்கா ஒருவர், 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் மகனைக் கையில் பிடித்துக் கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்தவர். ஒருநாள் தேநீர் இடைவேளையில், "மேற்குத் திசையிலை உயிரோடை இருக்கிறான் எண்டு சாத்திரியார் சொல்லிப்போட்டார், தம்பி" என்றார். பரிகாரத்துக்கு 501 பவுண். நான் சிரித்தேன். சாதகத்தில் உயிர் தெரியுமா என்று ஒரு விரிவுரையே நடத்தினேன். பழைய தொழில் விடவில்லை. அவர் தேநீரை முடிக்காமல் எழுந்து போனார்.

அதன் பிறகுதான் ஆபிரகாம் கோவூரை மீண்டும் எடுத்துப் படித்தேன். 1898இல் திருவல்லாவில் பிறந்து, 1928இல் யாழ். மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்து, 1978இல் மறையும்வரை இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர். 1963இல் அவர் விடுத்த ஒரு லட்சம் ரூபாச் சவாலைப் பலரும் அறிவர். அதில் சோதிடர்களுக்கு வைத்த பரீட்சை இது: பிறந்த நிமிடமும் இடமும் சரியாகக் குறித்த 10 சாதகங்கள் தரப்படும். அவற்றில் ஆண் யார், பெண் யார், உயிரோடிருப்பவர் யார், இறந்தவர் யார் என்று பிரித்துக்காட்ட வேண்டும். எவரும் அந்தப் பணத்தை வென்று போகவில்லை.

உயிரா மரணமா என்பதை மட்டும் எடுத்தாலும், பத்தையும் குருட்டுவாக்கில் சரியாகச் சொல்ல 1024இல் ஒரு வாய்ப்பே உண்டு. அக்காவிடம் இருப்பதோ ஒரேயொரு சாதகம். மகன் வந்தால் அது சாத்திரியின் திறமை; வராவிட்டால் சனி இன்னும் விலகவில்லை. பிழையென்று காட்ட வழியே இல்லாத கூற்று இது. அந்த வியாபாரத்தின் பலமும் இதுதான்.

ஆனால் கோவூர் சவாலோடு நின்றவர் அல்லர். பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்பட்டவர்களை இருத்தி, அவர்களுடைய கதையைப் பொறுமையாகக் கேட்டு, மனோவசியத்தால் குணப்படுத்த முயன்றவர். சவாலை நாம் எடுத்துக்கொண்டோம், கேட்கும் பொறுமையை விட்டுவிட்டோம்.

கோவூரிடமும் ஒரு குறை உண்டு. அவருடைய குறிப்புகளில் பேயின் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே அகப்படுகிறது: பிடிக்காத கல்யாணம், பொறாமை, குற்றவுணர்வு. எங்கள் அக்காவை வதைப்பதன் காரணம் வீட்டுக்குள் இல்லை. அது அரசின் கோப்புகளில் இருக்கிறது. அந்தக் கோப்பு மூடிக் கிடக்கும்வரை சாத்திரிக்கு வாடிக்கை குறையாது.

2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. வதிவிட இணைப்பாளரிடம் கூறினார். யார், எங்கே, எப்போது, யாருடைய கையில் என்ற விபரம் எதுவுமில்லை. சாத்திரி உயிரோடு இருக்கிறான் என்கிறார், ஜனாதிபதி இறந்துவிட்டான் என்கிறார். இரண்டுக்கும் சான்று ஒன்றுதான்: சொன்னவரின் வாய். முதலாமவரைப் பார்த்துச் சிரிக்கும் பகுத்தறிவு இரண்டாமவரிடம் சான்று கேட்காவிட்டால், அது இளைத்தவரிடம் மட்டும் காட்டும் வீரம்.

சான்று எப்படியிருக்கும் என்பதை 2025இல் செம்மணி காட்டியது. சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. கிடைத்த உடைகளும் பொருட்களும் ஆகஸ்டில் மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்த தாய்மாரும் கேட்டது இதைத்தான். அவர்களுடைய வீடுகளிலும் சாமிப்படங்கள் இருக்கின்றன, நேர்த்திகள் இருக்கின்றன. ஆயினும் எங்களிற் பலரைவிட உரத்த குரலில் ஆதாரம் கேட்டவர்கள் அவர்கள்.

சில கிழமைகளுக்குப் பிறகு அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். பலவந்தமாகக் காணாமலாக்கப்பட்டோர் தொடர்பான ஐ.நா. செயற்குழுவுக்கு அனுப்பும் படிவத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் இருந்து நிரப்பினோம். ஒப்படைத்த இடம், திகதி, மகன் போட்டிருந்த சேட்டின் நிறம் எல்லாம் அவருக்குத் துல்லியமாக நினைவிருந்தது. அவ்வளவு ஒழுங்கான சாட்சியத்தை நான் கேட்டதில்லை. அவர் கையில் சாத்திரி கட்டிய நூல் இருந்தது. அதைப்பற்றி நான் பேசவில்லை.

இது விட்டுக்கொடுப்பு என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும்.