ஓரத்தில் எழுத வேண்டிய எட்டு எண்கள்

லாஜிக் குடும்பங்களை ஒன்றோடொன்று இணைப்பது பற்றி எழுதித் தரும்படி பணித்த மலர்க்குழுப் பெரியவர்கள், அடிப்படைகளை விளக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். நல்லதாயிற்று. நம் உறுப்பினர்களுக்கு நேண்ட் கேட் இன்னது, புல்-அப் இன்னது என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. சொல்ல நினைப்பது ஒன்றுதான். ஒரு குடும்பத்துச் சில்லின் வெளியீட்டை வேறொரு குடும்பத்துச் சில்லின் உள்ளீட்டில் சேர்ப்பதை வெறும் கம்பி வேலையாக நினைக்கக் கூடாது. தயாரிப்பாளர் இருவர் டேட்டா ஷீட்டில் எழுதிக் கொடுத்த உத்தரவாதங்களை எதிரெதிரே வைத்துக் கணக்குப் பார்க்கும் வேலை அது. மேசை மேல் ஓடியது என்பது அந்தக் கணக்குக்கு ஈடாகாது.

நம் கலையில் மூன்று பெரிய வழிகள் உண்டு. ஐபிஎம்மில் 1956இல் யுவர்க் தொடங்கிவைத்து, மோட்டரோலா 1962இல் சில்லாக விற்ற ஈசிஎல் வழி வேகத்தையே பெரிதாகக் கருதியது. டிரான்சிஸ்டரை முழுதும் திறக்கவிடாமல் வைத்திருப்பதால் வேகம் கிடைக்கிறது. விலையாக, ஓயாத மின்செலவும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான ஊசலும். 1961இல் டிஆர்டபிள்யூ நிறுவனத்தின் ஜேம்ஸ் பூயி காப்புரிமை கேட்டு, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1964 முதல் 54 வரிசையாகவும் பிறகு 74 வரிசையாகவும் பரப்பிய டிடிஎல் வழி நடுவழி. வான்லாசும் சாவும் 1963இல் முன்வைத்து, ஆர்சிஏ 1968இல் 4000 வரிசையாகக் கடைக்குக் கொண்டுவந்த சிமாஸ் வழி சிக்கனத்தின் வழி. ஒவ்வொன்றும் தனக்குள் ஒழுங்கானது. தன் வெளியீடு தன் உள்ளீட்டுக்குப் போதும் என்று கணக்கிட்டே கட்டப்பட்டது. எல்லை தாண்டும் இடத்தில்தான் பொறுப்பு சில்லு செய்தவரிடமிருந்து சுற்று வரைபவரின் தலையில் வந்து உட்காருகிறது.

நான் சேர்ந்த வழி டிடிஎல் வழி. அதில் எனக்குப் பாரபட்சம் உண்டு என்பதை மறைக்கவில்லை. எங்கள் ஆசிரியர் யாரென்று நம் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பெயரை அச்சில் போட்டால் அவருக்குப் பிடிக்காது. அவர் வகுத்த முறை எளிமையானது. இரண்டு குடும்பங்கள் சந்திக்கும் ஒவ்வொரு கம்பிக்கும், வரைபடத்தின் ஓரத்தில் எட்டு எண்கள் எழுத வேண்டும். வெளியீடு ஹையிலும் லோவிலும் உத்தரவாதம் தரும் மின்னழுத்தம், உள்ளீடு ஹை என்றும் லோ என்றும் ஏற்கும் மின்னழுத்தம் ஆக நான்கு. அதேபோல் மின்னோட்டம் நான்கு. சாதாரண டிடிஎல்லுக்கு இவை 2.4, 0.4, 2.0, 0.8 வோல்ட், இரண்டு பக்கமும் 0.4 வோல்ட் நாய்ஸ் மார்ஜின். மின்னோட்டத்தில் சமச்சீர் கிடையாது. லோவில் 16 மில்லி ஆம்பியர் இழுக்கத் தெரிந்த வெளியீடு, ஹையில் 0.4 மில்லி ஆம்பியருக்கே உத்தரவாதம் தருகிறது. உள்ளீடு லோவில் 1.6 மில்லி ஆம்பியரை வெளியே தள்ளுகிறது, ஹையில் 40 மைக்ரோ ஆம்பியர் கேட்கிறது. இரண்டு வகுத்தல்களிலும் ஃபேன்-அவுட் பத்து என்றே வருகிறது. இந்தக் கட்டுக்கோப்பின் அழகை உணர்ந்தவர்தான் அது எங்கே உடையும் என்பதையும் உணர்வார்.

உடையும் முதல் இடம் எல்லோரும் அறிந்தது. 74எல்எஸ் ஹையில் உத்தரவாதம் தருவது 2.7 வோல்ட். 5 வோல்ட்டில் ஓடும் 74ஹெச்சி கேட்பது 3.5 வோல்ட். பற்றாக்குறை 0.8. உடனே ஒரு புல்-அப் போட்டுவிடலாம் என்பார்கள். போடலாம், எத்தனை ஓம் என்பதில்தான் சூட்சுமம். கம்பியும் உள்ளீடுகளும் சேர்ந்து 50 பிக்கோ ஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். மோசமான நிலையில், 2.7 வரை சில்லே ஏற்றிவிடும்; அங்கிருந்து 3.5 வரை ஏற்ற வேண்டியது மின்தடை மட்டும். 10 கிலோ ஓம் போட்டால் அதற்குச் சுமார் 210 நானோ விநாடி பிடிக்கும். 2.2 கிலோ ஓம் என்றால் 47. பத்து மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் அரைச் சுற்றே 50 நானோ விநாடிதான். இன்னும் குறைக்கலாமே என்றால், லோவில் 0.4 வோல்ட்டைக் காப்பாற்றிக்கொண்டு எல்எஸ் இழுப்பது 4 மில்லி ஆம்பியர் மட்டுமே, ஆகவே 1.2 கிலோ ஓமுக்குக் கீழே இறங்க முடியாது. மெதுவான கம்பிக்குப் புல்-அப் போதும். வேகமான கம்பிக்கு ஹெச்சிடி வேண்டும். 2.0 வோல்ட்டையே ஹை என்று ஏற்கும்படி உள்ளீட்டு டிரான்சிஸ்டர்களின் அளவை மாற்றிச் செய்த சிமாஸ் அது. எதிர்த்திசையில் பழைய 4000 வரிசை 5 வோல்ட்டில் அரை மில்லி ஆம்பியர் அளவுக்கே இழுக்கும். சாதாரண டிடிஎல் உள்ளீடு ஒன்றுக்குக்கூட அது போதாது, எல்எஸ் ஒன்றுக்குச் சரியாக இருக்கும். அதனால்தான் 4049, 4050 பஃபர்கள் வந்தன. தம் சப்ளையைவிட உயர்ந்த மின்னழுத்தத்தையும் உள்ளீட்டில் அவை தாங்கும் என்பதால், 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறங்கவும் பெரியவர்கள் அவற்றையே எடுத்தார்கள். ஈசிஎல்லுக்கு இந்தச் சமாளிப்பெல்லாம் செல்லாது. மைனஸ் 5.2 வோல்ட்டில் ஓடி, மைனஸ் 0.9க்கும் மைனஸ் 1.7க்கும் இடையே ஊசலாடும் அதற்குப் போக 10124, வர 10125 என்று தனி மாற்றிகளே வேண்டியிருந்தன.

இதெல்லாம் பழங்கதை, இப்போது எல்லாமே 3.3 வோல்ட் ஆகிவிட்டதே என்று ஓர் ஆட்சேபம் உண்டு. நியாயமான ஆட்சேபம்தான், ஆனால் உண்மை நேர்மாறு. முன்பு ஒரு பலகை முழுதும் 5 வோல்ட்டில் ஓடியது. இன்று ஒரே பலகையில் 1.8, 3.3, 5 மூன்றும் சந்திக்கின்றன. எல்லைகள் கூடியிருக்கின்றன. 3.3 வோல்ட் லெவல்களை வகுத்த ஜெடெக் அமைப்பு 2.4, 0.4, 2.0, 0.8 என்ற அதே டிடிஎல் எண்களைத் தக்கவைத்ததால், 3.3 வோல்ட் வெளியீடு 5 வோல்ட் ஹெச்சிடியை நேராக ஓட்டும். அதே கம்பியை 5 வோல்ட் ஹெச்சியில் கொடுத்தால் 3.5 எட்டாது. எதிர்த்திசையில் ஆபத்து பெரிது. 5 வோல்ட்டைத் தாங்கும் என்று எழுதித் தராத 3.3 வோல்ட் சில்லுக்குள் அதைச் செலுத்தினால், காப்பு டயோடு வழியாக மின்னோட்டம் 3.3 வோல்ட் சப்ளைக்கே ஏறும். சாதாரண ரெகுலேட்டருக்குக் கொடுக்கத்தான் தெரியும், திருப்பி வாங்கத் தெரியாது; சப்ளை மேலே போகும், அதில் தொங்கும் எல்லாச் சில்லுகளும் சேர்ந்து அவதிப்படும்.

இரண்டாவது ஆட்சேபம், ஓடுகிறதே என்பது. டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டையை எடுத்துக்கொள்வோம். தன் சப்ளையில் பத்தில் ஏழு பங்கை ஹை என்று கேட்பது அது. 5 வோல்ட்டுக்கு 3.5. இஎஸ்பி32 தருவது அதிகபட்சம் 3.3. ஆனாலும் பலர் மேசையில் எரிகிறது. எரிவதற்குக் காரணம், உண்மையான த்ரெஷோல்ட் பெரும்பாலும் உத்தரவாத எல்லைக்குக் கீழே இருப்பது. அது அந்தத் துண்டின் கருணை. அடுத்த துண்டுக்கோ, வெயிலுக்கோ, நீளமான கம்பிக்கோ அந்தக் கடமை இல்லை. நடுவில் ஒரு 74ஹெச்சிடி பஃபர் வைத்தால் தீர்ந்தது. மூன்றாவது ஆட்சேபம், திசையையும் தானே அறியும் மாற்றிச் சில்லுகள் வந்துவிட்டன என்பது. டிஎக்ஸ்பி0108 நல்ல சில்லுதான். அதன் வெளியீடு பலவீனமாக வைக்கப்பட்டிருப்பதால், வெளியே போடும் புல்-அப் 50 கிலோ ஓமுக்கு மேல் இருக்க வேண்டும் என்று டேட்டா ஷீட்டே எச்சரிக்கிறது. 4.7 கிலோ ஓம் புல்-அப் தொங்கும் ஐ2சி கம்பிகளை அதில் கோத்துவிட்டுச் சில்லைத் திட்டுவது முறையல்ல. அந்த வேலைக்குக் கம்பிக்கு ஒரு மாஸ்ஃபெட், இரண்டு மின்தடைகள் போதும் என்று பிலிப்ஸ் எப்போதோ காட்டிவிட்டது.

இங்கே கொஞ்சம் மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. அருமையாக வேலை செய்கிற இளையவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனாலும் பொதுவாகப் பார்க்கும்போது, 10 கிலோ ஓம் என்பது கணக்கில் வந்த விடையாக இல்லாமல் வேண்டுதல் போல ஆகிவிட்டது. டேட்டா ஷீட்டில் ‘வழக்கமான அளவு’ என்ற பத்தி மட்டும் கண்ணில் படுகிறது. பக்கத்திலிருக்கும் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் படுவதில்லை. ரிச்சி தெருவில் வாங்கிய மாற்றிப் பலகையில் என்ன சில்லு உட்கார்ந்திருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பவர் குறைவு. பயன்படாத சிமாஸ் உள்ளீடுகள் அந்தரத்தில் தொங்குகின்றன. சப்ளை காலை வரைபடத்தில் காட்டுவதில்லை, 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை வைத்தாலும் சில்லுக்கு ஒரு சாண் தள்ளி வைக்கிறார்கள். வரைபடம் என்ற பெயரில் வண்ண வண்ணக் கம்பிகளின் புகைப்படம் வருகிறது. டான் லங்காஸ்டரின் டிடிஎல் குக்புக் 1974இல் வந்தபோது அதை அட்டை கிழியும்வரை படித்த தலைமுறைக்கு இது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணைப் படிக்கும் பொறுமை போனால் எழுத்தைப் படிக்கும் பொறுமையும் போகும். பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள், மருந்துச் சீட்டைப் படிக்காமல் மாத்திரை போடுவார்கள். பாலம் கட்டுகிறவரும் இப்படியே ‘நிற்கிறதே’ என்று சொல்லத் தொடங்கினால் நாடு என்ன ஆகும்? எட்டு எண்ணை எழுதச் சோம்பிய சமுதாயம் எதைத்தான் ஒழுங்காக எழுதி வைக்கப்போகிறது?

இது மூத்தவர்களின் புலம்பல் என்று சிலர் சொல்லக்கூடும். வேக வேகமாகச் செய்து பார்ப்பதில் ஒரு கல்வி இருக்கிறது என்பதை நானும் ஏற்கிறேன். நூறு பேர் கைவைத்துப் பார்க்கிற இடத்தில்தான் பத்துப் பேர் தேறுவார்கள். ஆனால் செய்து பார்ப்பது கேள்வியை எழுப்பும். விடையை உறுதி செய்வது கணக்குத்தான். இரண்டுக்கும் சண்டை கிடையாது, வரிசை மட்டுமே உண்டு. ஆகவே சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த கண்காட்சி முதல், இரண்டு குடும்பங்கள் சந்திக்கும் கம்பிகளுக்கு ஓரத்தில் எட்டு எண்கள் எழுதாத வரைபடத்தைப் போட்டிக்கு ஏற்க வேண்டாம். மூத்த உறுப்பினர்களின் வரைபடங்களுக்கும் இதே விதி பொருந்தட்டும், என்னுடையதற்கும் சேர்த்து.