24 மணி நேர உழைப்பு, ஓராண்டுச் சாப்பாடு: ஹேரியட்டின் வர்ஜீனியா அறிக்கையை மறுபடி வாசித்தது

ரோனோக் குடியேற்றம்னு பேச்செடுத்தாலே எல்லாரும் 'க்ரோயட்டோவன்' என்று செதுக்கியிருந்த கம்பத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1587-ல் வந்து இறங்கிய நூற்றுச் சொச்சம் பேர், 1590-ல் ஆளுநர் ஜான் வைட் திரும்பி வந்து பார்த்தபோது அங்கே இல்லை. எங்கே போனார்கள் என்று இன்றும் அலசிக்கொண்டிருக்கிறோம். எனக்கும் அந்த மர்மத்தில் ஆர்வம் இருந்தது. அதைக் குறைத்தது ஒரு சின்னப் புத்தகம்: 1588-ல் தாமஸ் ஹேரியட் அச்சிட்ட வர்ஜீனியா அறிக்கை.

முதல் தடவை இயற்கை விவரணையாக நினைத்து ரசித்துப் படித்தேன். இந்தத் தடவை ரால்ஃப் லேன் எழுதிய அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அப்போதுதான் ஹேரியட் எதையெல்லாம் தாண்டிப் போகிறார் என்று தெரிந்தது.

பின்னணி சுருக்கமாக. இன்றைய வட கரோலினாக் கரையோரம் இருக்கும் ரோனோக் தீவில், வால்டர் ராலேயின் ஏற்பாட்டில் 1585-ல் முதல் குழு தங்கியது. லேன் தலைமை, ஹேரியட் கணக்குப்படி மொத்தம் 108 பேர். வரும்போதே முக்கியக் கப்பல் தரைதட்டி, கடல்நீர் புகுந்து உணவுச் சரக்கு பெரும்பாலும் பாழாகிவிட்டது. முதல் நாளிலிருந்தே அடுத்தவர் சோற்றை நம்பித்தான் வாழ்க்கை. அந்த அடுத்தவர், அப்பகுதித் தலைவர் விங்கினா.

ஹேரியட் சாதாரண ஆள் இல்லை. 1584-ல் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போன மான்டியோ, வான்சீஸ் இருவரிடமும் அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டு, அதற்கென்று தனி எழுத்துமுறையே வகுத்தவர். புகையிலையைக்கூட 'உப்போவொக்' என்று அந்த ஊர்ப் பெயரிலேயே குறிக்கிறார். இந்த அக்கறைதான் புத்தகத்தின் பெரிய பலம்.

சிக்கல் சோளத்தில் வருகிறது. ஏற்கெனவே விளைந்த நிலமாக இருந்தால், ஒரு ஆள் 24 மணி நேரத்துக்கும் குறைவாக உழைத்தாலே ஓராண்டுக்குத் தாராளமான உணவு கிடைக்கும் என்கிறார். சரி, அப்படியானால் 108 ஆண்கள் ஏன் பசியில் தவித்தார்கள்? இந்தக் கேள்வியைப் புத்தகம் கேட்கவே இல்லை. பதில் லேனிடம் இருக்கிறது. மீன் பிடிக்கிற அடைப்பு கட்ட தன் ஆட்களுக்குத் தெரியாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அடைப்பு கட்டிக் கொடுத்தவர்கள், விதைத்துக் கொடுத்தவர்கள் எல்லாம் விங்கினாவின் மக்கள். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை, புது விளைச்சல் வரும்வரை, அந்த ஊர்க்காரர்களுக்கே பஞ்ச காலம் என்பதும் லேன் எழுதியதுதான். கடைசியில் 20 பேரைக் க்ரோயட்டோவன் தீவுக்கு அனுப்பி, அங்கே கிடைப்பதைத் தின்று பிழைக்கச் சொல்கிறார்.

உழைப்பின் கணக்கு மட்டுமல்ல, சாவின் கணக்கும் இப்படித்தான். தாங்கள் போய்வந்த ஊர்களில் சில நாட்களுக்குள் 20, 40, 60 என்று, ஓரிடத்தில் 120 பேர்வரை செத்தார்கள் என ஹேரியட் எண்ணிச் சொல்கிறார். கண்ணுக்குத் தெரியாத குண்டுகளால் சுடுகிறார்கள் என்று அந்த மக்கள் பேசிக்கொண்டதையும் பதிகிறார். ஆனால் விதைக்கவேண்டிய கைகள்தான் சாகின்றன, நமக்கு வரவேண்டிய சோளமும் அதோடு போகிறது என்கிற இடத்துக்கு அவர் வரவில்லை.

1586 ஜூன் 1 அன்று, பேசப்போவதுபோல் போய் லேன் விங்கினாவைத் தாக்கினார். சுடப்பட்டுக் காட்டுக்குள் ஓடியவரைத் துரத்திப்போன ஒருவன் தலையோடு திரும்பி வந்தான். விங்கினா சதி செய்தார் என்பது லேன் சொல்லும் நியாயம். விங்கினா பக்கத்துக் கதையை எழுதிவைக்க யாரும் இல்லை. நம்மூரில் இதற்கு உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று பெயர். அதே மாதம் டிரேக்கின் கப்பல்களில் ஏறி குழு ஊர் திரும்பியது.

ஹேரியட் இதை எப்படி எழுதுகிறார்? நம்மவர் சிலர் ஆண்டுக் கடைசியில் கொஞ்சம் கடுமையாக நடந்து சிலரைக் கொன்றுவிட்டார்கள், பொறுத்துப் போயிருக்கலாம், ஆனாலும் அவர்களுக்கு அது தகும் என்கிற தொனியில் ஒரே வாக்கியம். விங்கினா எப்படி இறந்தார் என்ற பேச்சே இல்லை. குடியேற்றத்தைக் குறைசொன்னவர்கள்மீது அதைவிட அதிகக் கோபம் காட்டுகிறார்: தங்கம் கிடைக்காததால் வயிற்றைப் பற்றியே கவலைப்பட்டவர்கள், மெத்தைப் படுக்கைக்கு ஏங்கியவர்கள் என்று. புது ஆட்களையும் முதலீட்டையும் இழுக்க எழுதிய புத்தகம் என்பதால் புரிந்துகொள்ள முடிகிறது. மன்னிக்கத்தான் மனசு வரவில்லை.

ஏன்னா, அந்த ஒற்றை வாக்கியத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். 1587-ல் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் செசபீக் விரிகுடாவுக்குப் போகவேண்டியவர்கள், ரோனோக்கில் இறக்கிவிடப்பட்டார்கள். வைட் வந்து ஆறே நாளில், தனியாக நண்டு பிடித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஹோ அம்புகளால் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் விங்கினாவின் மிச்ச ஆட்கள். வான்சீஸும் அவர்களோடு இருந்ததாக வைட் கேள்விப்படுகிறார். ஹேரியட்டுக்கு மொழி கற்றுக்கொடுத்த அதே வான்சீஸ்.

அந்த நூற்றுச் சொச்சம் பேர் எங்கே போனார்கள் என்பது எனக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் ஏன் அங்கே நிம்மதியாக இருந்திருக்க முடியாது என்பதற்கு மர்மம் எதுவும் தேவையில்லை. வாசிக்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: முதலில் லேன், அப்புறம் ஹேரியட். நான் தலைகீழாகப் படித்து ஏமாந்தேன்.