பேட்டரியைக் கழற்றிய பிறகு

டெர்மினலைக் கழற்றினால் ரீமேப் போய்விடுமா என்று நல்ல கார் ரசிகர்களே இன்னும் கேட்கிறார்கள். போகாது. இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கு எரிபொருளையும் தீப்பொறியையும் கணக்கிட்டுச் சொல்லும் மேப் இருப்பது ஃபிளாஷ் மெமரியில்; கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுதியது எழுதியபடியே இருக்கும். பழைய ஹோண்டா டியூனர்கள் ஈசியூவில் பொருத்திய ஈப்ராம் சிப்பின் முதுகில் வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அதன் வழியே புற ஊதா ஒளி பாய்ச்சினால்தான் எழுத்து அழியும். அந்த ஜன்னலை மூடி ஒரு ஸ்டிக்கர், அதன்மேல் பேனாவில் எழுதிய மேப் எண். அந்தக் கையெழுத்தைப் பார்ப்பதே எனக்குத் தனி மகிழ்ச்சி.

பேட்டரியோடு போவது, ஈசியூ ஓடி ஓடிக் கற்றுக்கொண்ட திருத்தங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் அவையும் முழுசாகப் போவதில்லை. 2000-ஐ ஒட்டி வந்த ஹோண்டா சிட்டி விடெக்கில் போகும். 1.5 லிட்டரில் 106 குதிரைத்திறன் தந்த அந்த இன்ஜினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. டெர்மினலை மறுபடி மாட்டி, ஏசி, லைட் எல்லாவற்றையும் அணைத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யவேண்டும். ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை காத்திருந்து, அதற்குமேலும் சில நிமிடம் அப்படியே விடவேண்டும். ஐடிலிங் மெல்ல இறங்கி 750 பக்கம் வந்து நிற்கும் விதத்தை ரசிக்காதவரோடு நான் அதிகம் பேசுவதில்லை.

கழற்றி மாட்டினால் பிக்கப் கூடுகிறது என்று நண்பர்கள் சாதிக்கிறார்கள். அவர்கள் உணர்வது பொய்யில்லை. திருத்தம் எதுவும் ஏறாத வெறும் மேப் அப்போது ஓடுகிறது. என் ரசனை இந்த இடத்தில்தான் பிரிகிறது. டியூனரின் கை சுத்தமாகத் தெரிவது அந்த முதல் சில கிலோமீட்டரில். பிறகு ஸ்கேனரை மாட்டி லாங் டெர்ம் ட்ரிம்மை, அதாவது ஈசியூ கற்றுக்கொண்ட எரிபொருள் திருத்தத்தின் அளவைப் பார்த்தால், நல்ல மேப் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். மிஞ்சினால் இரண்டு, மூன்று சதவீதம். பதினைந்துக்கு ஏறினால், காற்றுக் கசிவோ பழைய சென்சாரோ இல்லாத பட்சத்தில், டியூனர் விட்ட பிழையை ஈசியூ இத்தனை நாள் சுமந்திருக்கிறது என்று பொருள்.

நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே ஓடிய வண்டியின் மேப்தான் மேப் என்பார்கள். முழு த்ராட்டிலில் ஆக்ஸிஜன் சென்சாரின் திருத்தத்துக்குப் பெரும்பாலும் வேலையில்லை, மேப் தன் பலத்தில் நிற்கவேண்டும் என்பது உண்மை. ஆனால் சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில் கல் ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் மூன்றாவது கியரில் கால் த்ராட்டிலில் ஊர்ந்து, இடம் கிடைத்ததும் மிதிக்கும்போது வண்டி உதறாமல் எழுகிறதே, அதை எழுதுவது இன்னும் கடினம். டிராக்கில் மேப்பின் அந்தக் கட்டங்களை யாரும் தொடுவதே இல்லை.

கார்புரேட்டர் பக்தர்களிடம் எனக்குச் சண்டை கிடையாது. ரேஸ் கார் வடிவமைப்பாளர் கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா கார் கட்டிய காலத்தில் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து ஜெட் மாற்றினார்கள். ட்ரிம் படிப்பதும் அதே வித்தைதான்.

மனம் நோவது இன்றைய கடைகளைப் பார்த்து. எங்கிருந்தோ வாங்கிய ரெடிமேட் ஃபைலை ஏற்றி, டைனோ தாளில் உச்சக் குதிரைத்திறனைக் காட்டி, ஸ்டேஜ் 1 என்று அனுப்பிவிடுகிறார்கள். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆவதையோ, ஏசி போட்டதும் ஐடிலிங் தாங்குவதையோ பார்ப்பதில்லை. ஃபிளாஷ் செய்யும்போது சார்ஜர்கூட மாட்டாமல் உட்காருகிறவர்கள் உண்டு. பேட்டரியால் மேப்புக்கு ஆபத்து வருவது அந்த நேரத்தில்தான்: எழுதும் நடுவே வோல்டேஜ் விழுந்தால் ஈசியூவே எழுந்திருக்காமல் போகலாம். இன்னொன்று, சர்வீஸில் கம்பெனி சாஃப்ட்வேரைப் புதுப்பித்தால் மேப் சொல்லாமல் போய்விடும். வண்டியை விடும்போதே அதைச் சொல்லி வைக்கவேண்டும்.

டைனோ தாளை யாராவது நீட்டினால் வாங்கிப் பார்க்கிறேன். பிறகு, பேட்டரி கழற்றி மாட்டியபின் ஒரு வாரம் ஓட்டிய லாக் இருக்கிறதா என்று கேட்கிறேன்.