பிளேக்கின் செப்புத் தகடுகள்

1789-இல் லண்டனில் வில்லியம் பிளேக் வெளியிட்ட ‘சாங்ஸ் ஆஃப் இன்னசன்ஸ்’ கவிதை நூலில் அச்சுக்கோப்பவருக்கு வேலையே இல்லை. செதுக்கோவியத் தொழில் கற்ற பிளேக், அமிலம் அரிக்காத வார்னிஷால் செப்புத் தகட்டில் எழுத்தையும் படத்தையும் தாமே தீட்டினார். அதுவும் இடவலம் மாற்றி! அமிலம் சுற்றியுள்ள செம்பைத் தின்றபின் கவிதை மேடாக எழுந்து நிற்கும். மையிட்டு அச்செடுத்து, கையால் வண்ணம் பூசுவார்.

மனைவி கேத்தரீனும் அச்சிட்டார், வண்ணமிட்டார். 1782-இல் திருமணப் பதிவேட்டில் பெயரெழுதத் தெரியாமல் பெருக்கல் குறி இட்டவர் அவர். பிறகு கணவரிடம் எழுதப் படிக்கக் கற்றார். எனக்கு அந்தக் கைவண்ணம்தான் பெரிது. ஒரு பிரதியைப்போல் இன்னொன்று இராது. எழுத்தின் வாலில் கிளம்பும் கொடி படத்துக்குள் போய்ப் படர்கிறது.

வெறும் அச்செழுத்தில் பிளேக்கைப் படித்தவர்கள் பாதிதான் படித்திருக்கிறார்கள். அந்த வண்ணப் பக்கங்களோடு ஒருமுறை படியுங்கள்.