பழைய கிராண்ட் பேங்ஸ் 36: வாங்குமுன் நீரின் வழியைத் தேடுதல்

கிராண்ட் பேங்ஸ் 36 என்னும் டீசல் உல்லாசப் படகு, கென்னத் ஸ்மித் வரைந்து 1963-இல் உருவான 'ஸ்ப்ரே' என்ற முன்மாதிரியிலிருந்து பிறந்து, ஹாங்காங்கில் ராபர்ட் நியூட்டன் நிறுவிய அமெரிக்கன் மெரைன் நிறுவனத்தாலும், பின்னர் அதன் சிங்கப்பூர்க் கட்டுதளத்திலும் பல ஆண்டுகள் வரிசையாகக் கட்டப்பட்டது. வலை இழுக்கும் விசைப்படகைப் போன்ற உயர்ந்த முன்பகுதியும் உள்ளடங்கிய அறைகளும் கொண்டிருப்பதால் இவ்வகைப் படகுகளை ட்ராலர் என்பர். குறைந்த டீசலில், நிதானமான வேகத்தில், குடும்பத்தோடு தங்கிக் கரையோரமாக நெடுந்தூரம் செல்வதற்கென்றே அவை அமைந்தவை. அமெரிக்காவின் இரு கரைகளிலும் முப்பது முதல் ஐம்பது ஆண்டு வயதான 36-கள் இன்றும் கைமாறுகின்றன. இந்த விமர்சனம் அத்தகைய படகு ஒன்றை வாங்க எண்ணுவோர் எதை, எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

வாங்குவோரின் கவலை பெரும்பாலும் கடலைப் பற்றியும், அடுத்து என்ஜினைப் பற்றியுமே இருக்கும். ஆனால் இந்தப் படகின் உடற்பகுதி கடல்நீரை எதிர்த்து நிற்கும் அளவுக்கு, மேல்தளம் மழைநீரை எதிர்த்து நிற்பதில்லை. திருகாணித் துளை, சன்னல் சட்டம், எண்ணெய்த் தொட்டியின் மூடி ஆகியவற்றின் வழியே மேலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் நீர்தான் இதன் விலையுயர்ந்த பழுதுகளில் பலவற்றுக்குக் காரணம் என்பதால், சோதனையும் நீர் இறங்கும் திசையிலேயே, மேலிருந்து கீழாகச் செல்வது பொருத்தமானது.

கட்டமைப்பும் ஓட்டமும்

ஏறத்தாழ 11.2 மீட்டர் நீளமும் 3.7 மீட்டர் அகலமும் உடைய இந்தப் படகு, 1973 வரை மரப்பலகையால் கட்டப்பட்டு, அவ்வாண்டு முதல் கண்ணாடியிழைக்கு, அதாவது மீனவர் ஃபைபர் என்று சொல்லும் பொருளுக்கு மாறியது. பழைய தோற்றம் மாறாதிருக்கப் பலகை இணைப்புக் கோடுகள் வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டன என்பதால், கோடுகளை மட்டும் கண்டு மரமா ஃபைபரா என்று முடிவு செய்ய இயலாது. மரப் படகு அழகானதாயினும், அதைப் பேணும் கைத்திறனும் காப்பீடும் கிடைப்பது அரிதாகி வருவதால், முதன்முறை வாங்குவோருக்கு 1973-க்குப் பிந்தைய ஃபைபர் படகே ஏற்றது.

நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும் படகின் இயல்பான உச்ச வேகம் நீர்மட்ட நீளத்தைப் பொறுத்தது: அடிக் கணக்கில் அந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் கிடைக்கும். ஏறக்குறைய 35 அடி நீர்மட்ட நீளமுள்ள இதற்கு அது 8 நாட், அதாவது மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். 7 நாட் வேகத்தில் ஒற்றை என்ஜின் படகு சிக்கனமாக ஓடும். அதற்கு மேல் விரைய முயன்றால் வேகம் சிறிதே கூட, டீசல் செலவோ பெருமளவு ஏறும். பக்கவாட்டில் வரும் குறுகிய அலைகளில் இது விரைந்து உருளும் இயல்புடையது என்பதையும் வாங்குவோர் ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

மேல்தளம்

ஃபைபர் தளத்தின் மீது தேக்குப் பட்டைகளைப் பதித்து, ஆயிரக்கணக்கான திருகாணிகளால் இறுக்கி, ஒவ்வொரு திருகாணியின் தலைமீதும் சிறு தேக்கு முளையை அடைத்திருப்பார்கள். ஆண்டுதோறும் தேய்த்துக் கழுவுவதால் தேக்கு மெலிய, முளைகள் கழன்று, திருகாணித் துளைகள் ஒவ்வொன்றும் மழைநீருக்கு வழியாகின்றன. இரு ஃபைபர் படலங்களுக்கு இடையே மரத்தையோ நுரைப்பொருளையோ வைத்து அமைக்கும் தளங்களை அடுக்குத் தளம் என்பர். அந்த நடுப்பொருளுள் நீர் புகுந்துவிட்டால் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று அதனை மக்கச் செய்கிறது. ஆகவே பிளாஸ்டிக் சுத்தியலால் தளம் முழுவதும் தட்டிப் பார்த்து, கணீரென்ற ஒலி மங்கி ஒலிக்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, அதே இடங்களுக்கு நேர்கீழே அறையின் உட்கூரையில் கறை உண்டா என்றும் ஒப்பிட வேண்டும். தேக்கை அகற்றி, துளைகளை அடைத்து, நடுப்பொருளை மாற்றுவது கூலி மிகுந்த வேலையாதலால், தேக்கு ஏற்கெனவே முறையாக அகற்றப்பட்ட படகு பார்வைக்குச் சற்றுக் குறைவாயினும் மதிப்பில் குறைந்ததன்று.

சன்னல்களும் தொட்டிகளும்

அறையைச் சுற்றியுள்ள நகரும் கண்ணாடிச் சன்னல்கள் தேக்குச் சட்டத்தின் பள்ளங்களில் ஓடுகின்றன. பள்ளத்தின் வடிகால் துளை அடைபட்டால், தேங்கும் நீர் மூலைகளின் வழியே சுவர்ப் பலகைக்குள் இறங்கும். புதிதாக வார்னிஷ் பூசிய உட்சுவர் இக்கறையை மறைக்கக்கூடும் என்பதால், சன்னலுக்குக் கீழுள்ள மூலைகளை விரலால் அழுத்தியும், இயன்றால் வெளியிலிருந்து குழாய்நீரைப் பாய்ச்சியும் பார்ப்பது நல்லது.

அடுத்து அந்நீர் சென்று சேருமிடம் என்ஜின் அறையின் இருபுறமும் உள்ள டீசல் தொட்டிகள். இரண்டிலுமாக ஏறத்தாழ 1,500 லிட்டர் கொள்ளும் இவை பழைய படகுகளில் பெரும்பாலும் இரும்பாலானவை. டீசல் ஊற்றும் மூடியைச் சுற்றியுள்ள தளம் ஒழுகும்போது நீர் தொட்டியின் தட்டையான மேற்பரப்பில் தேங்கி, தொட்டியை வெளிப்புறத்திலிருந்தே அரிக்கிறது. மூடியின் ரப்பர் வளையம் கெட்டுப்போனாலோ நீர் டீசலோடு கலந்து, அடியில் தங்கி, உள்ளிருந்தும் அரிக்கிறது. தொட்டி என்ஜினைவிடப் பெரிதாக, வெளியே எடுக்க வாயிலின்றி உள்ளே வைத்துக் கட்டப்பட்டது என்பதால், அதை மாற்ற உள்ளேயே துண்டு துண்டாக வெட்டவோ என்ஜினைத் தூக்கவோ நேரிடும். எனவே கைவிளக்கும் நீண்ட பிடியுள்ள கண்ணாடியும் கொண்டு தொட்டியின் மேற்பரப்பையும் கீழ் விளிம்பையும் பார்க்காமல் விலை பேசக் கூடாது. ஒற்றை என்ஜின் படகில் இருபுறமும் ஆள் நுழைந்து தொட்டியைப் பார்க்க இடமுண்டு. இரட்டை என்ஜின் படகில் என்ஜினுக்கும் தொட்டிக்கும் இடையிலான இடுக்கு மிகக் குறுகலானது. படகுத்துறையில் படகைத் திருப்ப இரட்டை என்ஜின் உதவினாலும், பார்க்க இயலாத தொட்டியும், அடிமரமாகிய ஏராவின் பாதுகாப்பின்றி வெளியே நிற்கும் புரொப்பல்லர்களும் அதற்குரிய விலைகள்.

என்ஜின்

இந்தப் படகுகளில் பரவலாகக் காணப்படுவது, ஃபோர்டின் ஆறு சிலிண்டர் டீசல் என்ஜினைக் கடலுக்கேற்ப மாற்றியமைத்த 120 குதிரைத்திறன் லேமன். நிமிடத்திற்கு 2,500 சுற்று உச்ச அளவாகவும், 1,600 முதல் 1,800 வரை வழக்கமான ஓட்டமாகவும் உள்ள இது, பேணப்பட்டால் நெடுங்காலம் உழைக்கும். டீசலை அளந்து செலுத்தும் இன்ஜெக்ஷன் பம்ப்புக்கு இதில் தனி எண்ணெய் உண்டு. 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்பது இந்த என்ஜினை அறிந்தோர் பலரும் சொல்லும் விதியாதலால், அது எப்போது மாற்றப்பட்டது என்ற கேள்விக்கு உரிமையாளர் தரும் விடையே அவர் பராமரிப்பின் அளவுகோலாகும். மணிக்கணக்குக் காட்டும் மீட்டரில் எண் குறைவாயிருப்பது நற்குறியன்று. ஓடாமல் நின்ற என்ஜினின் உட்பகுதியை ஈரம் அரிக்கிறது.

கடல்நீர் என்ஜினுக்குள் நேரடியாகச் செல்லாமல், குளிர்வு நீரின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறும் பகுதியை வெப்பமாற்றி என்பர். அதிலிருந்து வரும் கடல்நீர் புகைக்குழாயின் வளைவில் கலக்கிறது. அந்த வளைவு உள்ளே அரித்துப்போனால் கடல்நீர் சிலிண்டருக்குள் திரும்பி வழியக்கூடும் என்பதால், அதன் வயதை விசாரிக்க வேண்டும். சோதனைக்குச் செல்லும்போது என்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்பதைத் தொட்டறிந்த பிறகே இயக்கச் சொல்வது முறை. முன்கூட்டியே சூடேற்றிய என்ஜின் தன் குறையை மறைக்கும். சூடான பின்னும் நீங்காத வெண்புகை எரியாத டீசலையோ நீர்க்கசிவையோ, நீலப்புகை எண்ணெய் எரிவதையோ, கரும்புகை அதிகச் சுமையையோ காட்டலாம். பின்னர்க் கடலில் முழு விசையில் சில நிமிடங்கள் ஓட்டி, 2,500 சுற்றை எட்டுகிறதா என்றும், வெப்பமானி நிலையாக நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெப்பம் ஏறிக்கொண்டே போனால் வெப்பமாற்றி அடைபட்டிருக்கலாம். சுற்று எட்டாவிட்டால் புரொப்பல்லர் பொருந்தாததாகவோ, அடியில் சிப்பி படிந்ததாகவோ இருக்கலாம். இரண்டையும் சரிசெய்ய முடியும், ஆனால் விலையிலிருந்து கழித்தாக வேண்டும்.

நீருக்குக் கீழே

படகைக் கரையேற்றிப் பார்க்கையில் அடிப்பரப்பில் சிறு கொப்புளங்கள் தென்படலாம். தடித்த ஃபைபரில் அவை பெரும்பாலும் மேற்பூச்சளவிலான குறையே. அவற்றைவிடக் கடல்நீர் உள்ளே வரும் வால்வுகள் முக்கியமானவை: துத்தநாகம் கரைந்துபோன உலோகம் செம்பு நிறமேறி உடையும் தன்மை பெறும் என்பதால், நிறத்தையும், கைப்பிடி திரும்புகிறதா என்பதையும் ஒருங்கே சோதிக்க வேண்டும். பல உரிமையாளர்கள் தத்தம் தேவைக்கேற்பக் கூட்டிய மின்கம்பிகள் தீவிபத்துக்கு வழிவகுக்கக்கூடும் என்பதால், அவற்றையும் தகுதிபெற்ற ஆய்வாளர் ஒருவரிடம் காட்டுவது அவசியம். அவரது கட்டணத்தோடு என்ஜின் எண்ணெய் ஆய்வகச் சோதனையையும் சேர்த்துக்கொள்வதே முறை.

தீர்ப்பு

1973-க்குப் பிந்தையதும், ஒற்றை லேமன் என்ஜின் உடையதும், தேக்கு அகற்றப்பட்ட அல்லது சீரமைக்கப்பட்ட தளமும், மாற்றிய அல்லது உலர்ந்த தொட்டிகளும் கொண்டதுமான 36, நிதானமாகச் செல்ல விரும்புவோருக்கு இன்றும் பரிந்துரைக்கத் தக்கது. என்ஜின் பழுதடைந்து மற்றவை உலர்ந்திருந்தால் விலைகுறைத்து வாங்கலாம், ஏனெனில் உதிரிபாகங்களும் அதை அறிந்த மெக்கானிக்குகளும் கிடைக்கின்றனர். தளமும் தொட்டியும் ஒருசேர நனைந்திருந்தாலோ, என்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும், அந்தப் படகை விட்டு அடுத்ததைப் பார்ப்பதே அறிவுடைமை.