ஒட்டுச்சித்திரத்தின் உந்துதல்: பியர்டன், பிராட்போர்ட் பற்றிய ஒரு நோக்கு

கலைஞனின் உந்துதல் உள்ளத்திலே திடீரென எழும் ஒளி என்ற கருத்து நம்மிடையே இன்றும் செல்வாக்குடையது. தூரிகையும் வர்ணமுங் கொண்டு படைக்கும் ஓவியனைப் பற்றி இவ்வாறு கூறிவிடுவது எளிது. கொலாஜ் எனப்படும் ஒட்டுச்சித்திரத்தைப் பொறுத்தவரை அது போதாது. அங்கே கலைஞன் கையாளும் தாள், அவனிடம் வந்து சேருமுன்னரே வேறொருவரால் அச்சிடப்பட்டு வேறொரு தேவைக்குப் பயன்பட்டதாகும். உந்துதலைத் தேடுவோர், அத்தாள் எங்கிருந்து வந்தது என்று முதலில் வினவுதல் வேண்டும். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் இருவரை முன்வைத்து இவ்வினாவை எழுப்ப விழைகின்றேன்.

1938 இல் ஏர்ண்ஸ்ட் புளொக்குடன் நிகழ்த்திய விவாதத்தில் லூக்காச், ஒளிப்பட ஒட்டுச்சித்திரத்தை நல்லதொரு நகைச்சுவைத் துணுக்குக்கு ஒப்பிட்டார். தனித்ததொரு தாக்கத்தை அது விளைவிக்கும். யதார்த்தத்தின் முழுமையை அதனால் எய்த இயலாது என்பது அவர் நிலைப்பாடு. இவ்வாதத்தை இலேசாக ஒதுக்கிவிடுதல் முறையன்று.

ரோமேர் பியர்டன் (1911-1988), பேர்லின் டாடா இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஜோர்ஜ் குரோஸிடம் நியூயோர்க்கிற் பயின்றவர். அந்நகரின் சமூக சேவைத் திணைக்களத்தில் 1969 வரை பணியாற்றியவர். 1963 இல் உருவான ஸ்பைரல் என்னும் கலைஞர் குழுவினரிடம், கூட்டாக ஓர் ஒட்டுச்சித்திரஞ் செய்யலாம் என அவர் யோசனை கூறினார்; எவரும் ஆர்வங் காட்டாமையால் தாமே தனித்துத் தொடர்ந்தார். 1971 இல் ஆக்கிய 'த புளொக்', ஹார்லெமின் ஒரு தெருப்பகுதியை ஆறு பலகைகளிற் காட்டுவது. சுவர்கள் இடையிடையே திறந்து உள்ளே வாழ்வோரைப் புலப்படுத்துகின்றன. தெருவும் வீடும், பலரும் தனியொருவரும் ஒரே பார்வைக்குள் வருகின்றனர். லூக்காச் வேண்டிநின்ற முழுமை, அவர் ஐயுற்ற வடிவத்திலேயே இங்கு கைகூடியுள்ளது எனலாம்.

மார்க் பிராட்போர்டின் நிலை இவ்வளவு தெளிவானதன்று. 1961 இல் லொஸ் ஏஞ்சலஸிற் பிறந்த அவர், தாயாரின் சிகையலங்கார நிலையத்தில் தொழில் புரிந்தவர். மயிரைச் சுருளாக்குகையில் நுனிகளிற் சுற்றும் மெல்லிய தாள்களே அவரது தொடக்ககால ஓவியங்களுக்கு மூலப்பொருளாயின. அவை மலிவானவை, தொழிலிற் கைபழகியவை. பின்னர் நகரின் தென்பகுதித் தெருக்களிலிருந்து சுவரொட்டிகளைக் கழற்றி வந்தார். 1992 கலவரத்திற்குப் பின் வெற்றுக்காணிகளைச் சூழ எழுந்த வேலிகள் இத்தகைய சுவரொட்டிகளுக்கு இடமளித்தன. உடனடிக் கடன், பிள்ளைகளின் பராமரிப்பு உரிமை, சிறையிலிருந்து தொலைபேசி அழைப்பு என அவை விற்றவையெல்லாம் வறியோரின் நெருக்கடிகளே. இவற்றை அடுக்கடுக்காக ஒட்டி, இடையே கயிற்றையும் வைத்து, மின்சாரக் கருவியால் தேய்த்தும் உரித்தும் அவர் ஓவியமாக்குகின்றார்.

'லொஸ் மொஸ்கோஸ்' (2004) என்ற பெயர் புலம்பெயர்ந்த நாட்கூலியாளரை இழித்துரைக்கும் கொச்சைச் சொல்லாகும். ஓவியத்திலோ மனித உருவமில்லை. இரவில் வானிலிருந்து நோக்கிய நகரம்போல் அது தோன்றுகிறது. தனித்தனி மனிதரின் கடனும் வழக்குமாகச் சிதறிக்கிடந்தவை ஒரு பிரதேசத்தின் பொருளாதாரப் படமாக ஒன்றிணைகின்றன. இஃது அவரது சாதனை. ஆயின், தேய்க்குங் கருவி சுவரொட்டியின் வாசகத்தையும் அழித்துவிடுகிறதே! பெயரையும் விளக்கத்தையும் அறியாதவர் காண்பது அழகியதோர் அரூப ஓவியத்தையே. பியர்டனின் தெருவைக் காண்பவருக்கு எவ்விளக்கமும் தேவையில்லை. எனவே லூக்காச்சின் ஐயம் பிராட்போர்டைப் பொறுத்தவரை முற்றாக நீங்கவில்லை என்பதே என் கருத்து.

இவ்வாசகம் அழிந்ததனாற்றான் சந்தை இதனைத் தயக்கமின்றி வரவேற்கிறதா? 2018 மார்ச்சில் இலண்டன் ஏலத்தில் 'ஹெல்டர் ஸ்கெல்டர் I' (2007) ஏறத்தாழ 12 மில்லியன் டொலருக்கு விலைபோனது. அது மறுவிற்பனை; பெருந்தொகை சேர்ந்தது முன்னைய உடைமையாளரையே. வாங்கியது லொஸ் ஏஞ்சலஸின் புரோட் அருங்காட்சியகம். அதனை நிறுவிய ஈலை புரோட்டின் செல்வம் வீடமைப்புத் தொழிலிலும் காப்புறுதித் துறையிலும் திரண்டது. கடன் விளம்பரங்கள் கழற்றப்பட்ட அதே நகரத்தில், அந்நகரின் மூலதனமே ஓவியத்தை வாங்கிக் காட்சிக்கு வைத்துள்ளது. பிராட்போர்ட் இதனை அறியாதவரல்லர். 2014 இல் லைமேர்ட் பார்க் பகுதியில் இருவரோடு இணைந்து 'ஆர்ட் அண்ட் பிராக்டிஸ்' என்னும் அமைப்பை நிறுவினார். வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து வெளியேறும் இளைஞருக்கு அது துணைபுரிகிறது, காட்சிகளையும் நடத்துகிறது. அங்கு வருவோர்க்கு அவரது ஓவியங்களின் பெயர்களை விளக்க வேண்டியிராது.